பூனைக்காலி விதை முதல் மூளைப் படம் வரை
(நடுக்கு வாதத்தின் வளர்ச்சியை அளந்த வரலாறு)

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் ஒரு கட்டுரை கேட்டார்கள். கல்வெட்டு, சமணப் படுகை, பழைய வணிகப் பெருவழி என்று எழுதி வந்தவன் நான். இம்முறை மருத்துவ வரலாறு எழுதுகிறேனே என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். நான் மருத்துவன் அல்லன். சாந்திபுரத்தில் நாட்டு மருந்துச் சரக்கும் மளிகையும் விற்கும் வியாபாரி. எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். தகப்பனார் காலத்தில் பிழைப்புக்காக இந்தக் குப்பம் - பலமனேர் சாலைக்கு வந்து கடை போட்டோம். இன்றும் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு.

இதை எழுத இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் அண்ணா. மற்றொன்று, எங்கள் கடையில் இன்றும் மூட்டையில் இருக்கும் பூனைக்காலி விதை.

பேரேட்டில் தெரிந்த நோய்

கடைக் கணக்கை நாற்பது வருஷம் அண்ணாதான் எழுதினார். அச்சடித்தது போல உருண்டையான கையெழுத்து. 2009 வாக்கில் அந்த எழுத்து சுருங்க ஆரம்பித்தது. ஒரு வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகு போல ஆகிவிடும். "மை சரியில்லேடா, பேனா மாத்தணும்" என்பார். பேனாவை மாற்றினோம், மூக்குக் கண்ணாடியை மாற்றினோம், எழுத்து பெரிதாகவில்லை. அப்புறம் வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா இருக்கும்போதே உருட்ட ஆரம்பித்தன, மாத்திரை உருட்டுவது மாதிரி. 2011இல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் பார்க்கின்சன் நோய் என்றார். நம் சித்த மருத்துவம் நடுக்கு வாதம் என்று சொல்வதற்கு நெருங்கியது.

மாத்திரை கொடுத்தார். வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தால் நான் ஒரு தப்பு செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வரலாறு.

பார்த்து அறிந்த காலம்

1817இல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் நடுக்கு வாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டுதான் எழுதினார். தொட்டுப் பார்க்காமல், நடையையும் குனிவையும் கை நடுக்கத்தையும் கண்ணால் பார்த்தே ஒரு நோயை வரையறுத்தார். பின்னர் பாரிஸில் ஷார்கோ என்னும் பெரும் நரம்பியலார் இதற்குப் பார்க்கின்சன் பெயரையே வழங்கினார்.

மூளைக்குள் எந்த இடத்தில் கோளாறு? அது தெரிய நூறு ஆண்டு ஆயிற்று. 1919இல் பாரிஸில் ட்ரெட்டியகாஃப் என்ற ஆய்வாளர், இறந்த நோயாளிகளின் மூளைகளை அறுத்துப் பார்த்தார். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு பகுதி உண்டு. கரும்பொருள் என்று தமிழில் சொல்லலாம். நியூரோமெலனின் என்ற நிறமி இருப்பதால் அது கறுத்திருக்கும். நோயாளிகளுக்கு அந்தக் கறுப்பு வெளுத்துப் போயிருந்தது. அங்கிருந்த செல்கள் மடிந்துவிட்டன என்பதே அதன் பொருள்.

அப்போதைய நிலை இதுதான். உயிரோடு இருப்பவரை வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே பார்க்க வேண்டுமானால் அவர் இறக்க வேண்டும். நோய் வருஷா வருஷம் உள்ளே எப்படி முன்னேறுகிறது என்று அறிய வழியே இல்லை.

சேப்பாக்கத்தில் ஒரு விதை

இங்கே நம்ம ஊர்க்காரர்கள் வருகிறார்கள். 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தெலுங்கில் இதைத் தூலகொண்டி என்பார்கள். காயின் மேல் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இருவரும் தம் முடிவை இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1913இல், ஐரோப்பாவில் குக்கன்ஹைம் என்பவர் ஒருவகை அவரையிலிருந்து இதே பொருளைப் பிரித்திருந்தார். ஆனால் அது எதற்கு உதவும் என்று அன்று யாருக்கும் தெரியாது. சேப்பாக்கத்து இருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இருபது ஆண்டு கழித்து விடை வந்தது. அதிலும் நம் கடைச் சரக்கு ஒன்று உண்டு. சர்ப்பகந்தி வேரை இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பயன் கண்டதை மும்பை மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949இல் உலகுக்கு எழுதினார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுச் சோர்ந்து கிடந்தன. பிறகு எல்-டோபா கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தன! மூளையில் டோபமின் என்ற பொருள் இருப்பதும், அது அசைவுக்கு வேண்டும் என்பதும் இவ்வாறு துலங்கியது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1961இல் அங்கேயே எல்-டோபாவை நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். 1967இல் அமெரிக்காவில் கோட்ஸியஸ் அதை வாய்வழியாக, சிறிது சிறிதாக அளவு கூட்டித் தரும் முறையை நிறுவினார். நேராக டோபமினையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் காவலை டோபமின் தாண்டாது, எல்-டோபா தாண்டும். உள்ளே போய் டோபமினாக மாறும். எங்கள் அண்ணா இன்று சாப்பிடும் மாத்திரை அதுதான்.

ஓர் எச்சரிக்கை. விதையில் அந்த மருந்து உண்டு என்பதற்காக யாரும் கடையில் வாங்கி இடித்துச் சாப்பிட வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் கூடுதலாகிவிடும். விற்பவன் நானே சொல்கிறேன்.

உயிரோடிருக்கும் மூளையின் படம்

1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியால் முதல் நோயாளியின் மூளைப் படம் எடுக்கப்பட்டது. 1973இல் லாட்டர்பர் காந்தப் படமுறையை வெளியிட்டார். அதுவே எம்.ஆர்.ஐ. ஆயிற்று. இரண்டும் மூளையின் வடிவத்தைக் காட்டின. கட்டி, இரத்தக் கசிவு, அடைப்பு எல்லாம் தெரிந்தன. பார்க்கின்சன் நோய் மட்டும் தெரியவில்லை. மடியும் செல்கள் இருக்கும் இடம் அவ்வளவு சிறியது. வீட்டை வெளியே நின்று படம் எடுத்தால் சுவர் தெரியும், உள்ளே அடுப்பு எரிகிறதா என்று தெரியாது அல்லவா? அது போலத்தான்.

அடுப்பு எரிவதைக் காட்டியது 1983இல் வந்த படம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்னெட், ஃபிர்னாவ், நஹ்மியாஸ் மூவரும் எல்-டோபாவில் கதிரியக்க ஃப்ளூரின் அணு ஒன்றை ஒட்டினார்கள். அதை ஊசி போட்டுப் பெட் கருவியில் பார்த்தால், டோபமின் வேலை நடக்கும் இடம் ஒளிர்ந்தது. நாற்பத்தாறு ஆண்டு முன் சேப்பாக்கத்தில் பூனைக்காலி விதையிலிருந்து எடுத்த பொருளின் வகையே மருந்தாகவும் ஆயிற்று, மூளையைப் படம் பிடிக்கும் விளக்காகவும் ஆயிற்று. இதைப் படித்த அன்று கடையில் உட்கார்ந்து அந்த மூட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு துயர நிகழ்ச்சியும் அறிவைத் தந்தது. 1982இல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று மரக்கட்டை போல ஆனார்கள். அந்தக் கள்ளச் சரக்கில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நஞ்சு கரும்பொருள் செல்களைக் கொன்றிருந்தது. அதே நஞ்சு பட்டும் நோய்க்குறி இல்லாமல் நடமாடிய சிலரை 1985இல் பெட் படம் எடுத்தார்கள். அவர்களுக்கும் ஒளி மங்கியிருந்தது! வெளியே நடுக்கம் தெரியும் முன்பே உள்ளே இழப்பு நடக்கிறது என்பதை உயிருள்ள மனிதரில் கண்ட முதல் சான்றுகளில் இது ஒன்று.

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

ஃப்ளூரின் அணுவுக்கு ஆயுள் குறைவு. 110 நிமிஷத்தில் பாதியாகிவிடும். உற்பத்தி செய்ய சைக்ளோட்ரான் வேண்டும். இந்தியாவுக்குப் பெட் படமுறை 2002இல் மும்பைக்குத்தான் முதலில் வந்தது. எளிய வழியாக ஸ்பெக்ட் முறை பரவியது. நம் நாட்டில் பெரும்பாலும் பயன்படுவது டெக்னீஷியம் கலந்த ட்ரோடாட் என்ற மருந்து. இது டோபமின் நரம்பு முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும்.

2013இல் அண்ணாவுக்கு ஒரு நகரத்தில் இந்தப் படம் எடுத்தார்கள். மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். நல்ல மூளையில் இரண்டு பக்கமும் இரண்டு காற்புள்ளி போல ஒளி தெரியும். நோயில் வால்பகுதிதான் முதலில் மங்கும். வால் போனால் காற்புள்ளி முற்றுப்புள்ளியாகிவிடும். அண்ணாவுக்கு வலது கை நடுங்கியதால் இடது மூளையில் முற்றுப்புள்ளி, வலப்பக்கம் பாதி வால். கணக்கு எழுதியே காலம் கழித்த அண்ணா அந்தப் படத்தைப் பார்த்து, "எனக்கு முற்றுப்புள்ளி வெச்சுட்டாங்கடா" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "டாக்டர், இன்னும் எத்தனை வருஷம் நான் கணக்கு எழுதலாம்? படத்திலே தெரியுமா?"

"தெரியாது ஐயா" என்றார் மருத்துவர்.

இவ்வளவு பெரிய கருவிக்கு ஏன் தெரியாது? இந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

படம் வழிகாட்டியாகுமா?

ஆய்வாளர்களுக்கும் இதே ஆசைதான் இருந்தது. நோயாளிகளைத் தொடர்ந்து படம் எடுத்ததில், இந்த ஒளி ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 சதம் வரை குறைவதாகக் கண்டார்கள். நல்லவர்களுக்கு வயதால் குறைவது ஆண்டுக்கு ஒரு சதம் அளவுதான். ஆகவே ஒரு மருந்து நோயைத் தடுக்கிறதா என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். மூன்று நிகழ்ச்சிகள் அந்த நம்பிக்கையை அசைத்தன.

முதலாவது, 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. நாற்பது நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியினருக்குக் கருவின் மூளைத் திசுவைப் பொருத்தினார்கள். மறு பாதியினருக்குப் பாசாங்கு அறுவை மட்டும். திசு பொருத்தியவர்களுக்குப் பெட் படத்தில் ஒளி கூடியது. ஆனால் எதிர்பார்த்த அளவு உடல்நிலை தேறவில்லை. சிலருக்குக் கட்டுப்படாத அசைவுகளே வந்து சேர்ந்தன.

இரண்டாவது, 2004இல் வெளிவந்த எல்டோபா ஆய்வு. 361 புது நோயாளிகளுக்கு 40 வாரம் லெவோடோபாவோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். பிறகு இரண்டு வாரம் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் அப்போதும் நன்றாக இருந்தார்கள். ஆனால் படத்திலோ அவர்களுக்குத்தான் ஒளி அதிகம் குறைந்திருந்தது! ஆளைப் பார்த்தால் நன்மை, படத்தைப் பார்த்தால் தீமை. எதை நம்புவது? மருந்தே அந்த ஒட்டும் முனைகளின் எண்ணிக்கையை மாற்றி ஒளியை மங்கச் செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இந்த மருந்து நோயை வளர்க்கும் என்ற பயம் பல வீடுகளில் உண்டு. 2019இல் நெதர்லாந்தில் 445 பேரிடம் செய்த ஆய்வு, சீக்கிரம் தொடங்குவதால் நோயின் போக்கு மாறுவதில்லை என்றது. நோயைத் தடுக்கவில்லை, வளர்க்கவும் இல்லை.

மூன்றாவதும் அந்த எல்டோபா ஆய்விலேயே உண்டு. படம் எடுக்கப்பட்ட 142 பேரில் 21 பேருக்குப் படம் இயல்பாகவே இருந்தது. அனுபவமிக்க மருத்துவர்கள் பார்க்கின்சன் என்று சேர்த்தவர்கள்தான். இத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு நோய் முன்னேறவில்லை, அவர்களுக்கு வந்தது வேறு நடுக்கம் என்று பிற்பாடு தெளிந்தது. இங்கே படம் சரியாகச் சொன்னது. ஆகவே படம் பொய் என்றும் சொல்ல முடியாது. நோயா இல்லையா என்ற ஐயத்தைத் தீர்க்க அது உதவும். ஒரு மனிதருக்கு இனி என்ன ஆகும் என்று நாள் குறிக்க உதவாது.

இன்றைய நிலை

எம்.ஆர்.ஐ. முறையும் அப்புறம் வளர்ந்துவிட்டது. 2006இல் ஜப்பானில் சசாகி குழுவினர் நியூரோமெலனினையே ஒளிரச் செய்யும் படமுறையைக் காட்டினார்கள். ட்ரெட்டியகாஃப் பிணத்தில் கண்ட வெளுப்பை உயிருள்ளவரில் காணும் வழி அது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியலாரும் இதில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல மூளையில் தகைவிலான் குருவியின் பிளவுபட்ட வால் போல ஒரு வடிவம் நடுமூளையில் தெரியும், நோயில் அது மறையும் என்பதும் சக்தி வாய்ந்த கருவிகளால் தெரியவந்தது. பார்க்கின்சனைப் போலவே தோன்றி வேகமாக முன்னேறும் வேறு நோய்களில் நடுமூளை மெலிந்து ஒரு சிறு பறவையின் உருவம் போலத் தெரிவதுண்டு. அவற்றைப் பிரித்தறிய இந்தப் படம் நல்ல துணை.

2010இல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை பி.பி.எம்.ஐ. என்ற பெரிய தொடராய்வைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்தும், நடக்கவைத்தும், இரத்தமும் முதுகுத்தண்டு நீரும் சோதித்தும் தொடர்கிறார்கள். அதன் வழியே 1,123 பேரைச் சோதித்து, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கெட்டுத் திரள்வதை முதுகுத்தண்டு நீரில் கண்டுபிடிக்கலாம் என்று 2023இல் அறிவித்தார்கள். அந்தப் புரதத்தைத் தாக்கும் இரண்டு மருந்துகளின் ஆய்வு முடிவுகள் 2022இல் வந்திருந்தன. நோயாளிகளின் நிலையிலும் வித்தியாசமில்லை, மூளைப் படத்திலும் வித்தியாசமில்லை. நோயை நிறுத்தும் மருந்து என்று நிரூபிக்கப்பட்டது இதுவரை ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் வாழ்க்கையை இலகுவாக்கும் மருந்துகளும், பயிற்சியும், தக்கவர்களுக்கு மின்முனை அறுவையும்தான்.

இன்றும் மருத்துவர்கள் நோயின் வளர்ச்சியை அளப்பது பெரும்பாலும் பார்த்தும் கேட்டும்தான். 1967இல் ஹோன், யார் இருவர் வகுத்த ஐந்து படிநிலைகளும், 1987இல் வந்து 2008இல் திருத்தப்பட்ட மதிப்பீட்டு அட்டவணையும் அதற்குத் துணை. எழுந்து நடக்கிறாரா, சட்டைப் பொத்தான் போடுகிறாரா, எழுத்து எப்படி இருக்கிறது என்று அந்த அட்டவணை கேட்கும். பார்க்கின்சன் தெருவில் பார்த்ததைத்தான் நாம் இன்னும் ஒழுங்காகப் பார்க்கிறோம்.

என் தப்பு

இப்போது தொடக்கத்தில் விட்டதைச் சொல்கிறேன். 2011இல் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் படிக்க வரும். மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பே படித்து, "அண்ணா, மூளையிலே ஒண்ணுமில்லே! படம் சுத்தமா இருக்கு" என்று வீடெல்லாம் சொன்னேன். அன்று அண்ணி பாயசம் வைத்தார். அடுத்த வாரம் அண்ணா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்றுமில்லாததற்கு மாத்திரை எதற்கு? நானும் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. கிணற்றடியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்போதுதான் மருத்துவர் சொன்னார், பார்க்கின்சன் நோயில் சாதாரண எம்.ஆர்.ஐ. இயல்பாக இருப்பதுதான் வழக்கம் என்று. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்றும் கடிந்துகொண்டார். நான் படித்த படிப்பு அண்ணாவின் தோளை முறித்தது. அந்தக் கடனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். 2015இல் ஒரு ஸ்கேன் சென்டரில், நோய் எவ்வளவு முன்னேறியது என்று பார்க்க வருஷத்துக்கு ஒரு முறை படம் எடுங்கள் என்றார்கள். பணம் கட்டத் தயாரானேன். மருத்துவர்தான் தடுத்தார். "படம் மங்கினாலும் அதே மருந்து, மங்காவிட்டாலும் அதே மருந்து. அந்தப் பணத்தில் நடைப்பயிற்சிக்கு ஆள் வையுங்கள்" என்றார்.

நம் தமிழ்க் குடும்பங்கள் இங்கிருந்து வேலூர், சென்னை, பெங்களூரு என்று பெரிய படக்கவரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு வணிகனின் வேண்டுகோள். படம் எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் முடிவைப் பொறுத்து மருந்து மாறுமா?" அறிக்கை வந்தால் நீங்களே படித்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எந்தப் படத்தை நம்பியும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒரு நோட்டு வைத்து, மாத்திரை சாப்பிட்ட நேரம், கை விட்ட நேரம், விழுந்த நாள் எல்லாவற்றையும் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணாவின் பழைய பேரேடுகளை எடுத்து வருஷ வரிசையில் அடுக்கியிருக்கிறேன். 2006, 2009, 2012, 2016. மருத்துவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல ரெக்கார்டு நான் பார்த்ததில்லை" என்றார். இப்போது அண்ணா பேரேடு எழுதுவதில்லை. பேத்தியின் நாலு கோடு நோட்டில் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறார். கோடு இருந்தால் எழுத்து சுருங்காமல் நிற்கிறது. நேற்று என்ன எழுதினார் என்று பார்த்தேன். கடைக்கு வர வேண்டிய பாக்கியெல்லாம் ஆள் பெயரோடு வரிசையாக இருந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.